இருபத்திரண்டு வளைவுகளும் இருபது விநாடிகளும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, சுள்ளிமானூர், தொளிக்கோடு, விதுர ஆகிய ஊர்கள் வழியாக வடகிழக்கே செல்லும் சாலை, 55 கிலோமீட்டருக்குச் சற்று மேலான தொலைவைக் கடந்து, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள பொன்முடியில் முடிகிறது. தமிழர் பொதிகை என்று போற்றும் அகத்தியமலையும் இதே தொடரில்தான் இருக்கிறது. நெடுமங்காடு வரை கடைத்தெருக்களின் நெரிசலும் அதன்பின் ரப்பர் தோட்டங்களின் நிழலுமாகச் செல்லும் வழி, விதுரவைத் தாண்டியதும் காட்டை நெருங்குகிறது. உருண்டு தேய்ந்த பெரும்பாறைகளுக்கிடையே ஓடும் கல்லாற்றைக் கடந்த பிறகு ஏற்றம் தொடங்க, 22 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றும் தன் எண்ணைப் பலகையில் தாங்கியபடி, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 2022-ஆம் ஆண்டின் மழையில் 12-ஆம் வளைவருகே சாலை சரிந்து, மேலே செல்லும் வழி சில மாதங்கள் மூடிக்கிடந்தது என்பதிலிருந்தே இந்தச் சாலை எத்தகைய சரிவைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பது விளங்கும்.

இத்தகைய சாலையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்து, இரண்டும் ஒருசேரக் கடக்க இடமில்லாதபோது, இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை ஒழுங்குமுறைகளில் எழுதப்பட்ட விதி. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் நகர்த்துவது கடினம், அது பின்னோக்கி உருளும் அபாயமும் உண்டு என்பதால், சிரமம் மிகுந்தவருக்கு முன்னுரிமை என்ற எளிய நியாயத்தின்மேல் அவ்விதி நிற்கிறது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து வளைவுக்குள் நுழையும்போது இந்த நியாயத்தைக் கண்ணெதிரே காணலாம்: ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தியபடியே வண்டியைச் சாலையின் வெளிவிளிம்பு வரை கொண்டுசென்று, முன்சக்கரங்கள் தடுப்புச் சுவரை உரசிவிடுமோ என்று தோன்றும் கட்டத்தில் திருப்பத் தொடங்குகிறார், பேருந்தின் முன்பகுதி சுவருக்கு வெளியே அந்தரத்தில் நீள, பின்சக்கரங்கள் உள்விளிம்பின் சேற்றைத் தொட்டுக்கொண்டு வர, சாலையின் முழு அகலமும் அவ்வொரு வண்டிக்கே போதாமல் போகிறது. மேலிருந்து வந்த கார்கள் பின்வாங்கிக் காத்திருக்கின்றன. அந்த இடைவெளியில் உட்புறமாக நுழைந்து முந்தப் பார்க்கும் இருசக்கர வண்டிக்காரருக்கு அபராதம் எதுவும் இல்லை. பேருந்து ஓட்டுநரின் வசவு மட்டுமே கிடைக்கிறது.

சாலையின் இந்த விதி மோட்டார் பந்தயத் தடத்தில் தலைகீழாகிறது. ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கிய வண்டியை முன்னணி வண்டி நெருங்கும்போது, தடத்தின் ஓரத்தில் நிற்கும் மார்ஷல்கள், அதாவது கொடி காட்டியும் விபத்துகளைக் கவனித்தும் பணியாற்றும் தொண்டர்கள், பின்தங்கியவருக்கு நீலக் கொடியை அசைக்கின்றனர். அவர் கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே ஒதுங்கி வழிவிட வேண்டும், விடாவிட்டால் தண்டனை உண்டு. வலியவரின் வேகத்துக்கு எளியவர் இடம் தருவது என்பதே அங்கு விளையாட்டு ஒழுக்கம். வென்றாக வேண்டிய போட்டியில் இது தவிர்க்க முடியாத ஏற்பாடுதான். ஆனால் ஒதுங்குவதால் வரும் ஆபத்து முழுவதும் ஏற்கெனவே குறைந்த திறனுள்ள வண்டியை ஓட்டுபவரின் தலையில் விழுகிறது என்பது விதிப்புத்தகத்தில் எங்கும் எழுதப்படுவதில்லை.

பொன்முடி பந்தயத்தை அறியாத மலையன்று. 2023 அக்டோபர் இறுதியில் ஆசிய மலைமிதிவண்டி வாகையர் போட்டி இங்கே நடைபெற்றது. தேயிலைச் செடிகளும் புல்வெளியும் பாறையும் கலந்த இச்சரிவுகளில் பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதி வாய்ப்பைத் தேடிப் பல நாட்டு வீரர்கள் மிதித்தனர். அப்போட்டியின் குறுக்குநாட்டுப் பிரிவில் வழிவிடும் சிக்கலைத் தீர்க்க ஒரு கறாரான முறை உண்டு: முதலில் செல்பவர் தம் முதற்சுற்றுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேலாக அவரைவிடப் பின்தங்கியவர், அந்தச் சுற்றின் முடிவில் போட்டியிலிருந்து விலக்கப்படுவார். சுற்றில் முந்தப்படும் நிலை வருமுன்னரே மெதுவானவரை வெளியே அனுப்பிவிடுவதால், அவர் வழிவிட்டாரா மறித்தாரா என்று யாரும் வாதிட வேண்டியதில்லை. இரக்கமற்ற விதி என்று தோன்றினாலும், யாரை நோக்கி எப்போது பாயும் என்பது முன்கூட்டியே தெரிந்த விதி அது.

உலக மோட்டார் பந்தயத்தின் உச்சமாகிய ஃபார்முலா 1-இல் இதற்கு ஓரளவு இணையாக 107 விழுக்காட்டு விதி இருக்கிறது: தகுதிச் சுற்றின் முதற்பகுதியில் மிக வேகமான வண்டியின் நேரத்தைவிட 7 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டவர், நடுவர்களின் சிறப்பு அனுமதி இல்லாமல் பந்தயத்தில் இறங்க முடியாது. 2012 மார்ச் மாதம் மெல்போர்னில் நடந்த அவ்வாண்டின் முதற்பந்தயத்தில் ஸ்பெயின் நாட்டின் எச்ஆர்டி அணியின் இரு வண்டிகளும் இந்த விதியால் வெளியேறின. அவற்றுள் ஒன்றை ஓட்டியவர், 2005-இல் ஃபார்முலா 1-க்குள் நுழைந்த முதல் இந்தியரான கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். ஒரு வாரம் கழித்து, மார்ச் 25 அன்று, மலேசியாவின் செப்பாங்கில் அதே வண்டி தகுதி பெற்றது. அன்று நடந்தது, விளையாட்டுக்கு ஒவ்வாத நடத்தையைத் தண்டிப்பதில் உள்ள கோணல்களை ஒரே பிற்பகலில் காட்டிவிட்டது.

பெருமழையால் செப்பாங் பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டது. தொடக்கத்திலேயே முழு மழைக்கான டயர்களைப் பொருத்திக்கொண்ட துணிச்சலால், மீண்டும் தொடங்கியபோது கார்த்திகேயன் 10-ஆம் இடத்தில் இருந்தார். கடைசி அணியின் வண்டிக்கு அது எட்டாக்கனியாகத் தோன்றக்கூடிய இடம். சற்று நேரத்தில் மெக்லாரன் அணியின் ஜென்சன் பட்டன் ஒரு வளைவில் அவர் வண்டியின்மீது மோதித் தம் முன்சிறகை உடைத்துக்கொண்டார். தவறு தம்முடையதே என்று பட்டன் பின்னர் ஒப்புக்கொள்ள, அவ்விவகாரம் அத்துடன் முடிந்தது. பந்தயத்தின் இறுதிக்கட்டத்தில், நான்காம் இடத்தில் வந்துகொண்டிருந்த உலக வாகையர் செபாஸ்டியன் வெட்டல், ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த கார்த்திகேயனைக் கடந்து தம் பாதைக்குத் திரும்புகையில் இரு வண்டிகளும் உரசின. வெட்டலின் டயர் கிழிந்து, அவர் புள்ளி ஏதுமின்றி 11-ஆம் இடத்தில் முடித்தார்.

ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனியாக அமர்த்தப்படும் நடுவர் குழுவினர், அதாவது ஸ்டூவர்ட்கள், மோதலுக்குக் கார்த்திகேயனே காரணம் என்று முடிவு செய்தனர். இத்தகைய குற்றத்துக்கு வழக்கமான தண்டனை, ட்ரைவ்-த்ரூ எனப்படும் முறையில், பணிமனைகள் வரிசையாக அமைந்த பிட் பாதையைக் கட்டுப்படுத்தப்பட்ட வேகத்தில் ஒருமுறை கடந்து செல்வது. பந்தயம் முடிந்துவிட்டால் அதற்கு ஈடாக 20 விநாடிகள் கூட்டப்படும். அந்த 20 விநாடிகளால் அவர் 21-ஆம் இடத்திலிருந்து 22-ஆம் இடத்துக்கு இறங்கினார். பட்டனுக்கு ஒன்றுமில்லை, கார்த்திகேயனுக்குத் தண்டனை என்பதை மட்டும் வைத்துப் பாகுபாடு என்று முடிவுகட்டுவது அவசரம். முன்னதில் மோதியவர் தம்மையே கெடுத்துக்கொண்டார், பின்னதில் மற்றொருவர் பாதிக்கப்பட்டார். ஆனால் உலர்ந்துகொண்டிருந்த தடத்தில், பிடிமானமுள்ள ஒற்றைப் பாதையை விட்டு ஈரமான ஓரத்துக்கு ஒதுங்க வேண்டியிருந்தவர் யார், கடந்துசெல்பவர் எவ்வளவு விரைவாகக் குறுக்கே திரும்பினார் என்ற இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் எவருக்கும், முழுப் பழியும் ஒருவர்மீதே விழுந்தது உறுத்தும். நேரத் தண்டனைகளுக்கு எதிராக மேல்முறையீடு செய்யும் உரிமையும் ஃபார்முலா 1-இல் இல்லை.

தண்டனையைவிட அதிகம் பேசப்பட்டது அதன்பின் வந்த பேச்சு. சாலைகளில் இருப்பதைப் போலவே பந்தயத்திலும் முட்டாள்கள் இருக்கிறார்கள் என்ற பொருளில் பேசிய வெட்டல், ஜெர்மானியத் தொலைக்காட்சியிடம் கார்த்திகேயனை வெள்ளரிக்காய் என்றும் ஏளனம் செய்தார். கார்த்திகேயன் அவரை அழுகுணிக் குழந்தை என்று திருப்பியடித்தார். இவ்வளவுக்கும் எவருக்கும் எச்சரிக்கைகூட வழங்கப்படவில்லை. மறு ஆண்டு, 2013 அக்டோபரில், நொய்டாவை அடுத்த புத் தடத்தில் நடந்த இந்தியப் பந்தயத்தில் வென்று தொடர்ந்து நான்காம் முறையாக வாகை சூடிய அதே வெட்டல், பார்வையாளர் அரங்கின் முன் வண்டியை வட்டமடித்துப் புகையெழுப்பிக் கொண்டாடியதற்காகக் கண்டிக்கப்பட்டார். அவருடைய ரெட் புல் அணிக்கு 25,000 யூரோ அபராதம். பந்தயம் முடிந்த வண்டிகளை எடை பார்க்கவும் சோதிக்கவும் காவலில் நிறுத்தும் இடத்துக்கு அவர் நேரே செல்லவில்லை என்பதே குற்றம். அரங்கில் இருந்தவர்களுக்கு மகிழ்ச்சி தந்த செயல் 25,000 யூரோ, சக ஓட்டுநரை இழிவுபடுத்திய சொல் இலவசம் என்ற கணக்கை எந்தக் கோட்பாடும் வகுக்கவில்லை. விதிப்புத்தகத்தில் ஒன்றுக்குப் பிரிவு இருந்தது, மற்றொன்றுக்குப் பிரிவு இருந்தும் எடுப்பாரில்லை.

2016-இல் மெக்சிகோவில், வானொலி வழியாகப் பந்தய இயக்குநர் சார்லி வைட்டிங்கையே வெட்டல் வசைபாடியபோது, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார் என்பதற்காக உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ நடவடிக்கை எடுக்காமல் விட்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் சிங்கப்பூரில், செய்தியாளர் சந்திப்பில் தம் வண்டியின் நிலையைக் குறித்து ஒரு கொச்சைச் சொல்லைப் பயன்படுத்திய மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்குப் பொதுநலப் பணி தண்டனையாக விதிக்கப்பட்டது. ருவாண்டாவில் இளம் ஓட்டுநர்களுடன் அவர் அதை நிறைவேற்றினார். அதே 2024-இல் மெக்சிகோவில் இதே வகைச் சொல்லுக்காக ஷார்ல் லெக்ளேருக்கு 10,000 யூரோ அபராதம், அதில் பாதி நிறுத்திவைப்பு. மனிதரைத் திட்டியவர் தப்பினார், இயந்திரத்தைத் திட்டியவர் தொண்டுக்குப் போனார். 2025 தொடக்கத்தில் எஃப்ஐஏ இவற்றுக்கென அபராதப் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, ஃபார்முலா 1 ஓட்டுநருக்கு முதல் முறை 40,000 யூரோ என்று நிர்ணயித்தது. எதிர்ப்புகளுக்குப் பின் அதே ஆண்டு மே மாதத்தில் அடிப்படைத் தொகையைப் பாதியாக்கி, செய்தியாளர் சந்திப்பில் பேசுவதையும் பந்தயத்தின் கொதிப்பில் பேசுவதையும் வேறுபடுத்தியது. இந்த வேறுபாடு அறிவுக்கு உகந்தது. முதலிலேயே தோன்றியிருக்க வேண்டியது.

பொன்முடிச் சாலையில் பாதி ஏற்றத்தைத் தாண்டியதும் மரங்கள் குறுகித் தேயிலைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. வனத்துறையின் சோதனைச் சாவடியைக் கடந்து உச்சியை அடைந்தால், சோலைக்காடுகள் பள்ளங்களில் ஒடுங்கிக்கிடக்க, மேடுகள் முழுவதும் புல். இங்கு மூடுபனி வரும் விதம் சொல்லத்தக்கது: பள்ளத்தாக்கிலிருந்து எழும் வெண்திரை சாலையை அடைந்த சில நிமிடங்களிலேயே, இருபது அடி தள்ளி நிற்பவரின் உருவம் கரைந்து, கையிலுள்ள தேநீர்க் குவளையும் காலடிப் புல்லும் மட்டுமே எஞ்சுகின்றன, பிறகு வந்த வழியே அது விலக, நின்றவர் நின்ற இடத்திலேயே இருக்கிறார். கேமராக்களும் மறுகாட்சிகளும் இல்லாத காலத்துப் பந்தய நடுவர்கள் ஏறக்குறைய இத்தகைய பார்வையை வைத்துக்கொண்டே ஓட்டுநரின் உள்நோக்கத்தைத் தீர்மானித்தார்கள். எல்லாக் கோணங்களும் படமாகும் இன்றும், உள்நோக்கம் திரையில் தெரிவதில்லை.

உள்நோக்கம் நிறுவப்பட்ட இடங்களிலும் தண்டனை சீராக இருந்ததில்லை என்பதே வருத்தத்துக்குரியது. 1989-இல் ஜப்பானின் சுசூகாவில் ஏர்டன் சென்னாவும் அலென் புரோஸ்டும் மோதிக்கொண்டபின், மீண்டும் ஓட்டி வென்ற சென்னா, வளைவைத் தவிர்த்துத் தடத்துக்குத் திரும்பினார் என்று நீக்கப்பட்டு, ஒரு லட்சம் டாலர் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதத் தடையும் பெற்றார். மறு ஆண்டு அதே தடத்தின் முதல் வளைவிலேயே அவர் புரோஸ்டை இடித்து இருவரையும் வெளியேற்றி வாகையர் பட்டத்தை உறுதிசெய்தபோது தண்டனை எதுவும் இல்லை. அது திட்டமிட்ட செயல் என்று 1991-இல் அவரே வெளிப்படையாகக் கூறினார். 1997-இல் ஹெரேஸில் ஜாக் வில்நவ்மீது வண்டியைத் திருப்பிய மைக்கேல் ஷூமாக்கர் அவ்வாண்டின் தரவரிசையிலிருந்து நீக்கப்பட்டார், ஆனால் வென்ற பந்தயங்கள் அவர் பெயரிலேயே நின்றன, அடுத்த ஆண்டின் முதற்பந்தயத்தில் இடையூறின்றி நின்றார். 2008 சிங்கப்பூரில் ரெனோ அணி தன் ஓட்டுநரைக் கொண்டே வேண்டுமென்று விபத்தை நிகழ்த்தியது தெரியவந்தபோது அணித் தலைவர் ஃபிளாவியோ பிரியாத்தோரேவுக்குக் காலவரையற்ற தடை விதிக்கப்பட்டது; 2010 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குற்றம் எவ்வளவு பெரியதானாலும், விசாரணை முறை கோணலாக இருந்தால் தண்டனை நிலைக்காது.

மாறுபாடுகளைக் குறைக்க 2014-இல் ஃபார்முலா 1 தண்டனைப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது: பன்னிரண்டு மாதங்களுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் ஒரு பந்தயத்துக்குத் தடை. முதன்முதலாக அந்த எல்லையைத் தொட்டவர் கெவின் மேக்னுசென். 2024 செப்டம்பரில் மோன்சாவில் பியர் காஸ்லியுடன் நேர்ந்த ஒரு சிறு உரசலுக்கான 2 புள்ளிகள் அவரை அடுத்த பந்தயத்திலிருந்து விலக்கின, உரசப்பட்ட காஸ்லியே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதபோதும். இதற்கு எதிரே 2017-இல் பாகு நகரில் நடந்த பந்தயம் நிற்கிறது. பாதுகாப்பு வண்டியின் பின்னே மெதுவாகச் சென்றுகொண்டிருக்கையில், லூயிஸ் ஹாமில்டன் தம்மைச் சீண்டப் பிரேக் பிடித்தார் என்று கருதிய வெட்டல், பக்கவாட்டில் வந்து சக்கரத்தால் இடித்தார். பணிமனை முன் 10 விநாடிகள் நின்று செல்லும் தண்டனையும் 3 புள்ளிகளும் பெற்ற அவர், வேறு காரணத்தால் தாமதமான ஹாமில்டனுக்கு முன்னாலேயே முடித்தார். 2025-இல் பார்சிலோனாவில் ஜார்ஜ் ரஸ்ஸலை இடித்த வெர்ஸ்டாப்பனுக்கும் 3 புள்ளிகள்தாம், ஆனால் 10 விநாடிகள் கூட்டப்பட்டதால் அவர் ஐந்தாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்குப் போனார். கோபத்தில் ஒருமுறை இடிப்பது 3, அவசரத்தில் ஒருமுறை உரசுவது 2 என்று அடுத்தடுத்து நிறுத்தும் அளவுகோல் எண்ணத் தெரிந்தது, எடைபோடத் தெரியாதது.

மோட்டோஜிபி எனப்படும் மோட்டார்சைக்கிள் பந்தயமும் இதே வழியில் ஒருமுறை நடந்து திரும்பியிருக்கிறது. 2015 அக்டோபரில், மீண்டும் செப்பாங்கிலேயே, வாலண்டினோ ரோஸ்ஸி வேண்டுமென்றே மார்க் மார்க்கேஸை ஓரத்துக்குத் தள்ளி விழச்செய்தார் என்று முடிவாகி 3 தண்டனைப் புள்ளிகள் அளிக்கப்பட்டன. முன்பே பெற்றிருந்த ஒன்றும் சேர்ந்து நான்கானதால், வாகையைத் தீர்மானிக்கும் வலென்சியா பந்தயத்தில் கடைசி வரிசையிலிருந்து புறப்பட நேர்ந்து, 5 புள்ளி வேறுபாட்டில் பட்டத்தை ஹோர்ஹே லொரென்சோவிடம் இழந்தார். அந்தப் பழைய ஒற்றைப் புள்ளி இல்லாதிருந்தால் அதே செயலுக்கு அதே விளைவு வந்திராது. 2017-இல் மோட்டோஜிபி அந்தப் புள்ளி முறையைக் கைவிட்டது.

பொன்முடியிலிருந்து இறங்கும் வழி சமவெளியை அடைந்ததும் மற்றொரு வகை நடுவர் காத்திருக்கிறார். 2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் 726 கேமராக்கள் தலைக்கவசமின்மை, இருக்கைப் பட்டையின்மை, மிகைவேகம் போன்றவற்றைப் பதிவுசெய்து அபராதச் சீட்டு அனுப்புகின்றன. கேமராவுக்கு வாகையரும் கடைசி ஆளும் ஒன்றே. சீர்மை என்று கேட்டால் இதைவிடச் சீரானது கிடையாது. ஆயினும் திட்டம் தொடங்கிய வேளையிலேயே, தாய் தந்தையோடு இருசக்கர வண்டியில் செல்லும் 12 வயதுக்குட்பட்ட குழந்தையை மூன்றாம் ஆளாகக் கருதி அபராதம் விதிப்பதா என்ற கேள்வி எழுந்து, மத்திய அரசின் முடிவு வரும்வரை அதை வசூலிப்பதில்லை என்று மாநில அரசு அறிவித்தது. சட்டத்தின் எழுத்து மாறவில்லை, கார் வாங்க இயலாத குடும்பத்தின் நிலை கணக்கில் சேர்ந்தது. நேர்மையும் சீர்மையும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை என்பதைப் பந்தய நடுவர்களைவிடத் தெளிவாக ஒரு போக்குவரத்துத் துறை ஒப்புக்கொண்ட தருணம் அது.

பொதுச்சாலையில் மாநில அரசின் எழுத்துமூல இசைவின்றிப் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பொன்முடி வளைவுகளில் வேகத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பும் இளைஞருக்குச் சட்டம் காட்டும் மாற்றுவழி ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடமும் கோவை செட்டிபாளையத்துக் கரி தடமும்தான். கார்த்திகேயனின் தலைமுறை உருவானது இத்தகைய தேசியப் பந்தயங்களில். அங்கு ஃபார்முலா 1-க்குரிய எண்ணற்ற கேமராக்கள் இல்லை. வளைவோரத்தில் நிற்கும் மார்ஷல் தாளில் எழுதியனுப்பும் சில வரிகளே பல நேரங்களில் முதன்மைச் சான்று. எஃப்ஐஏ 2025-இல் தன் ஓட்டு நெறிகளையும் தண்டனை வழிகாட்டியையும் பொதுவெளியில் வைத்தது நல்ல தொடக்கம். அதன் அடுத்த படி, ஒவ்வொரு தீர்ப்பிலும் நடுவர்கள் முன்னர் நடந்த ஒத்த நிகழ்வைச் சுட்டி, இம்முறை ஏன் கூடுதல் அல்லது ஏன் குறைவு என்று ஓரிரு வரிகளில் எழுதிவைப்பது. மறுகாட்சியை ஆயிரம் முறை பார்க்கும் கூட்டம் உள்ள ஃபார்முலா 1-ஐவிட, மார்ஷலின் தாளை மட்டும் நம்பி இருங்காட்டுக்கோட்டையில் தன் முதல் 20 விநாடித் தண்டனையைப் பெற்றுக்கொண்டு அணிக் கொட்டகைக்குத் திரும்பும் பதினாறு வயது ஓட்டுநருக்கே அந்த வரிகள் அதிகம் தேவைப்படுகின்றன.